கணக்கில் இருக்கிறது, கையில் இல்லை

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். லேப்டாப்பில் இடம் தீர்ந்து, பில்ட் (கோடை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலை) பாதியில் நின்றுவிட்டது. சோர்ஸ் கோடு எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது, என்னிடம் இருப்பது வெறும் நகல்தானே என்ற தைரியத்தில், டெஸ்ட் டேட்டா நிறைந்த ஒரு பெரிய ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். இடம் கிடைத்தது, பில்ட் ஓடியது, வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அந்த டேட்டா தேவைப்பட்டது. சரி, சர்வரிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று, அங்கே இருப்பதை இறக்கித் தரும் சிங்க் கட்டளையைக் கொடுத்தேன். எல்லாக் கோப்புகளும் ஏற்கெனவே புதிதாகத்தான் இருக்கின்றன என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஃபோல்டரைத் திறந்தால் காலி. மறுபடி சிங்க் கொடுத்தேன், மறுபடி அதே வரி. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டும் பார்த்தேன்.

பெர்ஃபோர்ஸ் சர்வரைக் கவனித்துக்கொண்ட அண்ணா இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் நின்றேன். திரையைக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "நீ அழிச்சதை சர்வர்கிட்ட சொன்னியாம்மா?"

சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் ஒர்க்ஸ்பேஸ் பற்றி, அதாவது சர்வரில் உள்ள கோப்புகளின் நகலை நம் கணினியில் வைத்து வேலை செய்யும் இடத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்த மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் யாராவது ஒர்க்ஸ்பேஸ் குழம்பிவிட்டது என்று வந்தால், நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பெர்ஃபோர்ஸ் 1995இல் கிறிஸ்டோஃபர் சைவால்ட் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள். ஒரு குழுவின் கோப்புகளையும் அவற்றில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வரில் சேமித்து வைப்பது அதன் வேலை. கேம் ஸ்டுடியோக்களிலும் சிப் வடிவமைப்பு நிறுவனங்களிலும் இன்றும் நிறையப் புழங்குகிறது. பெரிய பைனரி கோப்புகளை அது நன்றாகத் தாங்கும். இதே வேலையைச் செய்யும் கிட் மட்டுமே பழகியவர்களுக்கு அதில் புதிதாகப் படும் விஷயம் ஒன்று உண்டு: உங்கள் கணினியில் எந்தக் கோப்பின் எந்த ரிவிஷன் (எத்தனையாவது பதிப்பு) இருக்கிறது என்ற கணக்கை சர்வர் எழுதி வைத்துக்கொள்கிறது. ஹேவ் லிஸ்ட் என்பார்கள். நீங்கள் சிங்க் கேட்டதும் சர்வர் உங்கள் டிஸ்கைப் பார்ப்பதில்லை, தன் கணக்கைத்தான் பார்க்கிறது. கணக்கில் ஐந்தாவது ரிவிஷன் என்று இருந்து, டிப்போவிலும் (சர்வரில் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) ஐந்துதான் கடைசி என்றால், அனுப்ப எதுவுமில்லை என்று சொல்லிவிடும். இதனால்தான் லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் சிங்க் சட்டென்று முடிகிறது. என் ஃபோல்டர் காலியாகவே கிடந்ததற்குக் காரணமும் இதுதான்.

எங்கள் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தவர். பேரேட்டில் எத்தனை மூட்டை என்று எழுதியிருந்தாலும், வருஷத்துக்கு ஒருநாள் கடையை அடைத்துவிட்டு இருப்பு எடுப்பார். பின்கட்டில் இருக்கும் மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பேரேட்டோடு ஒப்பிடுவார். எலி தின்றது, ஓதத்தில் கெட்டது, அவசரத்துக்கு அத்தை வீட்டுக்குப் போனது எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டே எண்ணுவார். அண்ணா ஹேவ் லிஸ்டை விளக்கியபோது எனக்கு அந்தப் பின்கட்டுதான் நினைவுக்கு வந்தது. என்னுடைய டெஸ்ட் டேட்டா ஏட்டுச் சுரைக்காயாகிவிட்டது, அவ்வளவுதான்.

அன்று அண்ணா என்னை ஃபோர்ஸ் சிங்க் கொடுக்கச் சொன்னார். கணக்கு என்ன சொன்னாலும் பரவாயில்லை, மறுபடி அனுப்பு என்று சர்வரிடம் கேட்பது அது. அப்புறம் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். இடம் வேண்டுமென்றால் நீயாக அழிக்காதே, அந்த ஃபோல்டரை 'நன்' (எதுவும் வேண்டாம்) என்ற ரிவிஷனுக்கு சிங்க் பண்ணு. சர்வரே கோப்புகளை டிஸ்கிலிருந்து எடுத்துவிட்டுத் தன் கணக்கிலும் அடித்துவிடும். அந்த டேட்டா எனக்கு எப்போதுமே தேவைப்படாது என்றால், ஒர்க்ஸ்பேஸின் வியூவிலிருந்தே அதை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

வியூ பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒர்க்ஸ்பேஸ் உருவாக்கும்போது நாம் நிரப்பும் படிவத்தை கிளையண்ட் ஸ்பெக் என்பார்கள். அதில் பெயர், உரிமையாளர், எந்தக் கணினி, டிஸ்கில் எந்த ஃபோல்டர் (இதுதான் ரூட்) என்பதெல்லாம் இருக்கும். கடைசியில் வியூ. இடப்பக்கம் டிப்போவில் இருக்கும் பாதை, வலப்பக்கம் அது உங்கள் ஒர்க்ஸ்பேஸில் எங்கே வந்து உட்கார வேண்டும் என்ற பாதை. பாதையின் முடிவில் மூன்று புள்ளி வைத்தால், அந்த இடமும் அதற்குக் கீழே எத்தனை அடுக்கு இருந்தாலும் எல்லாமும் என்று அர்த்தம். நட்சத்திரக் குறி போட்டால் அந்த ஒரே அடுக்கு மட்டும். வரியின் தொடக்கத்தில் கழித்தல் குறி போட்டால் அந்தப் பகுதி வேண்டாம் என்று அர்த்தம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மொத்த டிப்போவையும் ஒரே வரியில் மேப் செய்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஏனென்றால் எதுவுமே மாற்றாமல் படிவத்தைச் சேமித்தால் பொதுவாக அதுதான் வரும். பத்து வருடமாக ஒரு நிறுவனம் சேர்த்து வைத்த அத்தனையும், மூன்று பழைய புராஜெக்டுகளின் வீடியோக்கள் உட்பட, ஒரு லேப்டாப்பில் வந்து இறங்கத் தொடங்கும். முதல் சிங்க் கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் செலவழித்து, இந்த வேலைக்கு எனக்கு எந்தெந்த ஃபோல்டர்கள் வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வியூவை எழுதுவது, அந்த ஆண்டு முழுவதும் பலன் தரும் அரை மணி நேரம். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

வியூவில் வரிகளின் வரிசையும் முக்கியம். ஒரே கோப்புக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், கீழே இருக்கும் வரிதான் செல்லும். ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் வேண்டாம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு, இரண்டாவது வரியில் மெயின் பிராஞ்ச் (கோடின் முதன்மைக் கிளை) முழுவதும் வேண்டும் என்று எழுதியிருந்தார். டாக்குமெண்ட்ஸ் வந்துகொண்டே இருந்தது. இரண்டு வரிகளையும் இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. முதலில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள், பிறகு வேண்டாததைக் கழி என்று மேலிருந்து கீழே படித்துப் பார்த்தால் தவறு உடனே கண்ணில் படும்.

வியூவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு வரியை எடுத்துவிட்டு அடுத்த சிங்க் கொடுத்தால், அந்த வரியால் வந்த கோப்புகள் டிஸ்கிலிருந்து போய்விடும். சர்வரின் கணக்கில் அவை இருக்கின்றன, வியூவில் இடமில்லை, ஆகவே எடுத்துவிடுகிறது. இது தெரியாமல் பதறியவர்கள் உண்டு. ரூட் விஷயம் வேறு. ஒர்க்ஸ்பேஸின் ரூட் ஃபோல்டரைச் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு என்று படிவத்தில் மாற்றிவிட்டால், பெர்ஃபோர்ஸ் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போய் வைக்காது. பழைய இடத்தில் அவை அப்படியே கிடக்கும். சர்வரோ அவை டி டிரைவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். ஒன்று, மாற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் 'நன்' ரிவிஷனுக்கு சிங்க் செய்துவிட வேண்டும். அல்லது கோப்புகளை நாமே புதிய இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

என் வேலை வாழ்க்கையில் மிக மோசமான ஒரு நாளும் இந்தக் கணக்கு சம்பந்தப்பட்டதுதான். பெர்ஃபோர்ஸில் சாதாரணமாகக் கோப்புகள் ரீட் ஒன்லியாகத்தான் வந்து இறங்கும். மாற்ற வேண்டுமென்றால் எடிட் என்று சர்வரிடம் சொல்ல வேண்டும், அப்போதுதான் எழுதும் அனுமதி கிடைக்கும். இது எனக்குத் தொல்லையாகப் பட்டது. எடிட்டரில் சேமிக்கும்போது, ரீட் ஒன்லியாக இருக்கிறதே, மீறி எழுதட்டுமா என்று கேட்கும். ஆமாம் என்று கொடுத்துக்கொண்டே போனேன். அப்புறம் சிங்க் செய்யும்போது, எழுதும் அனுமதி உள்ள கோப்பை மேலெழுத முடியாது என்று சர்வர் ஒவ்வொரு தடவையும் முறையிடும். அந்த முறையீடு என்னைக் காப்பாற்றத்தான் வருகிறது என்று புரியாமல், ஒர்க்ஸ்பேஸ் ஆப்ஷன்களில் 'நோகிளாபர்' (மேலெழுதாதே) என்று இருந்ததைக் 'கிளாபர்' (மேலெழுது) என்று மாற்றினேன். முறையீடு நின்றது. நான்கு நாள் கழித்து ஒரு சிங்க், சர்வரிடம் சொல்லாமல் நான் மாற்றி வைத்திருந்த ஒரு கோப்பின் மேல் அமைதியாகப் புதிய ரிவிஷனை எழுதிவிட்டது. ஒரு முழு நாள் வேலை. எங்கும் அதன் நகல் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு மாற்றம் நடந்ததே சர்வருக்குத் தெரியாது. அன்று இரவு ஒன்பது மணிவரை நினைவிலிருந்து திரும்ப எழுதினேன். அந்த ஆப்ஷனை அதற்குப் பிறகு நான் தொட்டதேயில்லை.

சர்வரிடம் சொல்லாமல் வேலை செய்ய நேரும் சந்தர்ப்பங்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஊருக்கு ரயிலில் போகும்போது நெட்வொர்க் இருக்காது, வேலையோ கையில் இருக்கும். அப்போது கோப்பின் ரீட் ஒன்லியை நாமே எடுத்துவிட்டு மாற்றலாம், தப்பில்லை. ஆனால் ஊர் போய்ச் சேர்ந்து இணைப்பு கிடைத்ததும், சிங்க் கொடுப்பதற்கு முன்னால் ரீகன்சைல் கட்டளையை ஓட்டிவிட வேண்டும். அது டிஸ்கில் இருப்பதையும் சர்வரின் கணக்கையும் ஒப்பிட்டு, மாறியவற்றை எடிட் என்றும் புதியவற்றை ஆட் என்றும் காணாமல் போனவற்றை டெலீட் என்றும் பதிந்துகொள்ளும். தாத்தா இருப்பு எடுத்தது போலத்தான். டிஸ்கில் இருப்பதை நம்பிக் கணக்கைத் திருத்துவது ரீகன்சைல் என்றால், கணக்கை நம்பி டிஸ்கைத் திருத்துவது கிளீன். என் முதல் மாதக் காலி ஃபோல்டருக்குக் கிளீன் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் கிளீன் நீங்கள் சொல்லாமல் மாற்றியதையும், சேர்த்து வைத்த தனிக் கோப்புகளையும் இரக்கமில்லாமல் எடுத்துவிடும். முதலில் முன்னோட்டமாக ஓட்டி, என்ன செய்யப் போகிறது என்று பட்டியலைப் படித்துவிட்டுத்தான் நிஜமாக ஓட்ட வேண்டும்.

கணக்கைத் தெரிந்தே மாற்றும் வேலையும் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கட்டளை அது. பெயர் ஃப்ளஷ். வேறொரு ஊரில் எங்கள் குழுவுக்கு ஒரு சிறிய அலுவலகம் திறந்தார்கள். அங்கே இணைய இணைப்பு மிக மெதுவாக இருந்தது. ஒவ்வொருவரும் முதல் சிங்கில் இருநூறு ஜிபி இறக்க வேண்டும் என்றால் ஒரு வாரம் போய்விடும். ஆகவே இங்கேயே ஒரு ஒர்க்ஸ்பேஸை ஒரு குறிப்பிட்ட சேஞ்ச்லிஸ்ட் எண்ணுக்கு (சேர்த்துச் சேமித்த மாற்றங்களுக்கு சர்வர் தரும் வரிசை எண்) சுத்தமாக சிங்க் செய்து, ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து கூரியரில் அனுப்பினோம். டிஸ்கின் மேல் அந்த சேஞ்ச்லிஸ்ட் எண்ணை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். அங்கே ஒவ்வொருவரும் அதே வியூவோடு ஒரு ஒர்க்ஸ்பேஸ் உருவாக்கி, கோப்புகளை ரூட்டில் நகலெடுத்துவிட்டு, அதே எண்ணுக்கு ஃப்ளஷ் கொடுத்தார்கள். ஃப்ளஷ் கோப்பு எதையும் அனுப்பாது. இந்த எண் வரைக்கும் இவரிடம் இருக்கிறது என்று சர்வரின் கணக்கில் மட்டும் எழுதும். அதற்குப் பிறகு கொடுக்கும் சிங்க், அந்த எண்ணுக்குப் பின் மாறியதை மட்டும் இறக்கும்.

இதில் ஒருவர் எண்ணைக் கொடுக்காமல் ஃப்ளஷ் செய்துவிட்டார். எண் கொடுக்காவிட்டால் இந்த நிமிடம் வரைக்குமான எல்லாமும் இவரிடம் இருக்கிறது என்று கணக்கு எழுதப்படும். கூரியர் போய்ச் சேர்ந்த நான்கு நாட்களில் சப்மிட் ஆன (சர்வரில் சேர்ந்த) மாற்றங்கள் எதுவும் அவர் டிஸ்கில் இல்லை, கணக்கிலோ எல்லாம் இருந்தது. அவருக்கு மட்டும் பில்ட் உடைந்தது. எத்தனை சிங்க் கொடுத்தாலும் எல்லாம் புதிதாக இருப்பதாகவே பதில். தொலைபேசியில் அவர் அதைச் சொன்னதும் என் பழைய காலி ஃபோல்டர் கண்முன் வந்தது. அந்த ஒட்டிய எண்ணுக்கே மறுபடி ஃப்ளஷ் கொடுக்கச் சொன்னேன். கணக்கு பின்னோக்கி நகர்ந்தது. அடுத்த சிங்க்கில் விடுபட்டவை வந்து சேர்ந்தன.

ஒரே ஃபோல்டரை இரண்டு ஒர்க்ஸ்பேஸ்களுக்கு ரூட்டாக வைப்பதும் இதே நோயின் இன்னொரு வடிவம். ஒரு பிராஞ்சுக்கு ஒரு ஒர்க்ஸ்பேஸ், இன்னொரு பிராஞ்சுக்கு இன்னொன்று, இரண்டும் டிஸ்கில் அதே இடம். இடம் மிச்சம் என்று செய்கிறார்கள். சர்வர் இரண்டு தனிக் கணக்குகள் வைத்திருக்கும். ஒன்றில் சிங்க் செய்தால் மற்றதன் கோப்புகள் மேலெழுதப்படும், மற்றதன் கணக்குக்கு அது தெரியாது. பெர்ஃபோர்ஸ் இதைத் தடுப்பதில்லை. இதே வகை மென்பொருளான மைக்ரோசாஃப்டின் டீம் ஃபவுண்டேஷன் வெர்ஷன் கண்ட்ரோல் தடுக்கும்: இந்த ஃபோல்டர் இன்ன கணினியில் இன்ன ஒர்க்ஸ்பேஸில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை காட்டி நிறுத்திவிடும். அதில் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிழைச் செய்தியைக் கண்டு எரிச்சல் பட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால் அது சரியான எரிச்சல் இல்லை. சர்வரில் கணக்கு வைப்பதா, டிஸ்கில் வைப்பதா என்ற கேள்வியை அவர்களும் சந்தித்தார்கள். தொடக்கத்தில் எல்லாம் சர்வர் ஒர்க்ஸ்பேஸ்தான். 2012 பதிப்பில் லோக்கல் ஒர்க்ஸ்பேஸ் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். அதில் கணக்கு உங்கள் டிஸ்கிலேயே ஒரு மறைவான ஃபோல்டரில் இருக்கும். கோப்பை அழித்தாலும் மாற்றினாலும் அதுவே கண்டுகொள்ளும். சின்ன புராஜெக்டுகளுக்கு அது நிம்மதி, லட்சம் கோப்புகள் இருந்தால் மெதுவாகிவிடும்.

எந்த ஒர்க்ஸ்பேஸில் இருக்கிறோம் என்று தெரியாமல் கட்டளை கொடுப்பதும் அடிக்கடி நடப்பதுதான். இரண்டு டெர்மினல்கள் திறந்திருக்கும், ஒன்றில் கிளையண்ட் (ஒர்க்ஸ்பேஸ்) பெயர் வேறாகச் செட் ஆகியிருக்கும். இதற்கு என் அனுபவத்தில் ஒரே நல்ல வழி: ஒவ்வொரு ஒர்க்ஸ்பேஸின் ரூட்டிலும் ஒரு சிறிய கான்ஃபிக் கோப்பை வைத்து, அதில் அந்த ஒர்க்ஸ்பேஸின் பெயரை எழுதிவிடுவது. கோப்பின் பெயர் என்ன என்று பி4கான்ஃபிக் என்ற சூழல் மாறியில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுத்தாலும், பெர்ஃபோர்ஸ் அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போய் அந்தக் கோப்பைத் தேடிப் படித்துக்கொள்ளும். நிற்கும் இடமே ஒர்க்ஸ்பேஸைத் தீர்மானித்துவிடும். இதைச் செய்த பிறகு தவறான ஒர்க்ஸ்பேஸில் சப்மிட் செய்ததாக எனக்கு நினைவில்லை.

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஸ்பெக்கில் லைன் எண்ட் என்ற ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால், விண்டோஸில் இறக்கிய ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் முதல் வரியிலேயே செத்துவிடும், கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து வரிமுடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஷேர் என்று வைத்தால் போதும்.

இன்னொருவருக்கு நாம் விட்டுப்போகும் ஒர்க்ஸ்பேஸ்கள் பற்றி. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் கேமுக்கான படக் கோப்புகளும் பெர்ஃபோர்ஸில்தான் இருந்தன. இரண்டு பேர் மாற்றிய படத்தை ஒன்றாகச் சேர்க்க முடியாது என்பதால், அப்படிப்பட்ட கோப்புகளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும் என்று வகைப்படுத்தி வைத்திருப்பார்கள். ஒரு ஓவியர் வேலையை விட்டுப் போனார். லேப்டாப்பைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து ஒரு முக்கியமான படத்தைத் திருத்தப் போனால், அது இன்னும் அவர் பெயரில் திறந்திருக்கிறது என்று சர்வர் மறுத்தது. அவர் செய்து வைத்திருந்த பாதி வேலை துடைக்கப்பட்ட லேப்டாப்போடு போய்விட்டது. பூட்டு மட்டும் சர்வரில் இருந்தது. பூட்டை நிர்வாகி திறந்துவிட்டார், பத்து நிமிட வேலை. போன படத்தைத் திரும்ப வரைய மூன்று நாள் ஆனது. அவரைக் குறை சொல்லி என்ன பயன், கிளம்பும்போது ஒர்க்ஸ்பேஸில் என்ன திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதிலிருந்துதான் பெயர் வைப்பதில் கறாராகிவிட்டேன். ஆள், கணினி, புராஜெக்ட் மூன்றும் ஒர்க்ஸ்பேஸ் பெயரில் இருக்க வேண்டும். 'டெஸ்ட்2', 'நியூ', 'டெம்ப்' என்று பெயர் வைத்தால் ஒரு வருடம் கழித்து அதை அழிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாது, ஆகவே யாரும் அழிக்க மாட்டார்கள். அழிக்காததற்கு விலை உண்டு. ஹேவ் லிஸ்டில் ஒரு ஒர்க்ஸ்பேஸில் ஒரு கோப்புக்கு ஒரு வரி. முந்நூறு ஒர்க்ஸ்பேஸ்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம் கோப்புகள் என்று வைத்துக்கொண்டால் ஆறு கோடி வரிகள். அதில் பாதி யாரும் தொடாதவை என்றாலும் சர்வர் அவற்றையும் சுமக்க வேண்டும், பேக்கப்பும் எடுக்க வேண்டும். நீண்ட நாள் தொடாத ஒர்க்ஸ்பேஸ்களை அன்லோட் செய்து ஓரமாக வைக்கலாம், உரியவர் வந்து கேட்டால் ரீலோட் செய்யலாம். பில்ட் மெஷின்களில் தினமும் பிறந்து சாகும் ஒர்க்ஸ்பேஸ்களுக்கு, கணக்கே எழுதாமல் கோப்புகளை மட்டும் இறக்கும் சிங்க் வகை ஒன்று இருக்கிறது. அடுத்த நிமிடம் அழியப்போகும் இடத்துக்குக் கணக்கு எதற்கு?

கூகுளும் பத்தாண்டுகளுக்கு மேல் ஒற்றைப் பெர்ஃபோர்ஸ் சர்வரில்தான் தன் கோடின் பெரும்பகுதியை வைத்திருந்தது. பிறகு பைப்பர் என்ற சொந்த அமைப்புக்கு மாறியது. 2015 ஜனவரியில் அதில் ஏறக்குறைய 100 கோடி கோப்புகள், 86 டெராபைட் இருந்ததாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த அளவை யாரும் லேப்டாப்பில் சிங்க் செய்ய முடியாது. அவர்கள் ஒர்க்ஸ்பேஸையே கிளவுடில் வைத்துவிட்டார்கள். மொத்த மரமும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒர்க்ஸ்பேஸில் சேமிக்கப்படுவது நீங்கள் மாற்றியவை மட்டும். சராசரியாக ஒரு ஒர்க்ஸ்பேஸில் பத்துக் கோப்புகள்கூட இல்லையாம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. நான் கஷ்டப்பட்டு எழுதிய வியூ வரிகள் எல்லாம் அங்கே தேவையே இல்லை.

இப்போது என் வேலையில் பாதி கிட்டில் நடக்கிறது. கிட்டில் சர்வர் கணக்கு கிடையாது. இண்டெக்ஸ் என்ற பேரேடு என் டிஸ்கிலேயே இருக்கிறது. கோப்பை அழித்துவிட்டு ஸ்டேட்டஸ் கேட்டால் உடனே அழிக்கப்பட்டது என்று சொல்லிவிடும். இனி அந்தத் தொல்லை இல்லை என்றுதான் நினைத்தேன், ஒர்க்ட்ரீ பழகும் வரைக்கும். 2015 ஜூலையில் வந்த கிட் 2.5இல் சேர்ந்த வசதி அது. ஒரே ரிப்பாசிட்டரிக்கு (கிட்டின் களஞ்சியம்) பல ஒர்க்ஸ்பேஸ்கள் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஃபோல்டரில் நான் எழுதிக்கொண்டிருக்கும் புதிய வசதி, பக்கத்து ஃபோல்டரில் அவசரத் திருத்தம், இன்னொன்றில் நண்பரின் பிராஞ்சைப் படித்துப் பார்க்க. பாதி வேலையை ஸ்டாஷில் மடித்து வைத்துவிட்டு பிராஞ்ச் மாறி, திரும்பி வந்து எதை மடித்தோம் என்று தேடும் அவஸ்தை இல்லை. வரலாறு ஒரே இடத்தில் இருப்பதால் இன்னொரு குளோன் (முழு நகல்) எடுக்கும் அளவுக்கு இடமும் பிடிக்காது. கிட் பயன்படுத்தும் யாராவது இதைப் படித்தால், இன்றே ஒருமுறை முயன்று பாருங்கள்.

ஆனால் ஒர்க்ட்ரீ ஃபோல்டரை கையால் அழித்தால் என்ன ஆகிறது தெரியுமா? மூல ரிப்பாசிட்டரியின் உள்ளே அந்த ஒர்க்ட்ரீக்கு ஒரு பதிவு இருக்கும், அது அப்படியே நிற்கும். ஒரே பிராஞ்சை இரண்டு ஒர்க்ட்ரீகளில் எடுக்க கிட் சாதாரணமாக விடாது. இல்லாத ஃபோல்டரில் அந்த பிராஞ்ச் இருப்பதாகக் கணக்கு சொன்னால், நீங்கள் வேறிடத்தில் அதே பிராஞ்சுக்கு ஒர்க்ட்ரீ சேர்க்கப் போகும்போது மறுப்பு வரலாம். கையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. பழைய கதைதான். ப்ரூன் என்று சொன்னால் இல்லாத ஃபோல்டர்களின் பதிவுகளை எடுத்துவிடும். அதைவிட, அழிக்கும்போதே ரிமூவ் கட்டளையால் அழிப்பது நல்லது. கமிட் செய்யாத (வரலாற்றில் சேராத) மாற்றம் இருந்தால் அழிக்க மாட்டேன் என்றும் அது சொல்லும், ஃபைல் மேனேஜர் சொல்லாது. வெளி ஹார்ட் டிஸ்கில் ஒர்க்ட்ரீ வைத்திருப்பவர்கள் லாக் போட்டு வைக்க வேண்டும். டிஸ்கைச் செருகாத நாளில் ப்ரூன் ஓடினால், அந்த ஒர்க்ட்ரீயும் இல்லை என்று எடுத்துக்கொண்டு பதிவைக் கழித்துவிடும்.

போன மாதம் எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். பழையதை அன்று மாலையே ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒருநாள் அவகாசம் கேட்டு வாங்கினேன். முதலில் என் பெயரில் எங்கெங்கே என்ன திறந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். பழைய லேப்டாப்பின் இரண்டு ஒர்க்ஸ்பேஸ்களில் பதினொரு கோப்புகள். நான்கை நான் மறந்தே போயிருந்தேன். பிறகு ரீகன்சைலை முன்னோட்டமாக ஓட்டியதில், சர்வரிடம் சொல்லாத ஒரு குறிப்புக் கோப்பும் அகப்பட்டது. வேண்டியவற்றை எல்லாம் ஷெல்வ் செய்து, அதாவது சப்மிட் செய்யாமலேயே, சர்வரில் வைத்தேன். புது லேப்டாப்பில், பழைய ஸ்பெக்கையே மாதிரியாக வைத்து, பெயரையும் கணினியையும் மட்டும் மாற்றி ஒர்க்ஸ்பேஸ் உருவாக்கி, சிங்க் முடிந்ததும் ஷெல்ஃபிலிருந்து எடுத்து பில்ட் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. அப்புறம் பழைய லேப்டாப்புக்குத் திரும்பி ஷெல்ஃப்களை அழித்தேன். அந்த வேலையை ஷெல்வ் செய்த அதே ஒர்க்ஸ்பேஸிலிருந்துதான் செய்ய வேண்டும், ஆகவே இந்த வரிசை முக்கியம். திறந்திருந்தவற்றை ரிவர்ட் செய்து (மாற்றங்களைக் கைவிட்டு), எல்லாவற்றையும் 'நன்' ரிவிஷனுக்கு சிங்க் செய்தேன். ஃபோல்டர் காலியானது. இந்தத் தடவை சர்வருக்கும் அது தெரியும். கடைசியாக இரண்டு ஸ்பெக்குகளையும் அழித்துவிட்டு, மறுநாள் காலை பதினொரு மணிக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.